நிதானப்பெட்டி

வண்டி மூன்றாவது கியரைத் தர மறுத்தது. கொல்லிமலையின் எழுபது கொண்டை ஊசி வளைவுகளில் ஐந்துகூட இன்னும் இறங்கவில்லை. பக்கத்து இருக்கையில் நல்லமுத்து நெஞ்சைப் பிடித்தபடி சாய்ந்திருந்தார். ஓட்டிக்கொண்டிருந்த அவர் மனைவி தமயந்தியின் நாடி நூற்றுமுப்பதைத் தாண்டியிருந்தது.

ஓட்டுபவரின் நாடியைப் பார்த்துத்தான் வண்டியின் கியர்பெட்டியான நிதானப்பெட்டி கியர் கொடுக்கும். மணிக்கட்டில் கட்டும் நாடிப்பட்டை அதை நொடிக்கு நொடி சொல்லும். நூற்றுக்கு மேல் போனால் இரண்டாவது கியரோடு சரி, மணிக்கு இருபது கிலோமீட்டர். நாடி இறங்க இறங்க அடுத்தடுத்த கியர் திறக்கும். ஐம்பதுக்குக் கீழே ஆறாவது. பதறுகிறவர்கள்தான் மோதுகிறார்கள் என்று நிரூபித்து இந்த எண்களை எழுதிய பொறியாளரே தமயந்திதான்.

வண்டி வாங்கும்போது நல்லமுத்து டீசல் இயந்திரமும் கை கியரும் கேட்டார். மிளகுத் தோட்டத்துக்கு ஏறி இறங்குகிறவனுக்கு கியர் தன் கையில் இருக்க வேண்டும் என்றார். அவள்தான் பெட்ரோலும் மின்சாரமும் சேர்ந்த கலப்பு இயந்திரத்தையும் நிதானப்பெட்டியையும் எடுக்க வைத்தாள். மறு வருடமே கை கியர் வண்டிகள் தடை செய்யப்பட்டன. தடைக்கான பரிந்துரையிலும் அவள் கையெழுத்து இருந்தது.

ஆம்புலன்ஸ் மேலே வர ஒன்றரை மணி நேரம் ஆகும் என்று சொல்லிவிட்டார்கள். தமயந்தி மூச்சை இழுத்து விட்டுப் பார்த்தாள், ஒன்று இரண்டு என்று எண்ணிப் பார்த்தாள். நாடி இன்னும் ஏறியது.

"பட்டையக் கழட்டி என் கையில கட்டு," என்றார் நல்லமுத்து. "நீ பதறுற. எனக்குப் பதட்டமில்ல."

வேறு வழி தெரியவில்லை. நிறுத்திக் கட்டினாள். திரை அறுபத்தெட்டு என்றது. நான்காவது கியர் திறந்தது.

ஸ்டியரிங் அவள் கையில், நாடி அவருடையது. வளைவுகள் வேகமாகக் கழிந்தன. பிழைத்துக்கொள்வார் என்று முதல் முறையாக நினைத்தாள். அடிவாரத்தில் ஐந்தாவது கியர் வந்தபோது திரையைப் பார்த்தாள். ஐம்பத்து மூன்று.

வண்டி அவரை மெச்சிக்கொண்டிருந்தது. எதற்கு மெச்சுகிறது என்று அவளுக்குப் புரிந்தது.

"என்னங்க, ஏதாவது பேசுங்க. கோவமாவது படுங்க."

அவர் லேசாகச் சிரித்தார். "இப்ப நல்லாத்தான போவுது," என்றார்.

சமவெளிச் சாலையில் ஆறாவது கியர் விழுந்தது. சோதனை ஓட்டத்தில்கூட அவள் அதைக் கண்டதில்லை. அவர் பெயரைச் சொல்லிச் சொல்லிக் கூப்பிட்டாள். வண்டி சத்தமில்லாமல் பறந்தது.

மருத்துவமனைப் பலகை கண்ணுக்குத் தெரிந்த இடத்தில் அது தானாகவே ஓரம் கட்டி நின்றது. திரையில் இரண்டே சொற்கள்: ஓட்டுநர் இல்லை.

தமயந்தி கதவைத் தள்ளித் திறந்து, ஆள் கூப்பிட்டுக்கொண்டே வெயிலில் ஓடினாள்.