ஒன்பது டொம்

ஓசூரில் ஒரு பள்ளி. அங்கே போட்டோ சங்கத்துக்கென்று ஜன்னல் அடைத்த ஓர் இருட்டறை. அதன் சிவப்பு விளக்கின் கீழ் சுவாதியும் அனிதாவும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றார்கள்.

பள்ளியில் மதிய உணவு சமைக்கும் வெங்கடம்மாளுக்கு இன்று வேலையில் கடைசி நாள். மூன்றரை மணிக்குக் கிளம்பிவிடுவார். அதற்குள் அவருடைய படத்தை அவருக்குக் கொடுத்தாக வேண்டும். ஆனால் தட்டில் கிடந்த படத்தில் அவர் அடிபிடித்த பாத்திரம் போலக் கறுத்திருந்தார்.

நெகடிவ் வழியாக வெள்ளை விளக்கின் வெளிச்சம் போட்டோக் காகிதத்தில் விழ வேண்டும். நேரம் அதிகமானால் படம் கறுக்கும், குறைந்தால் வெளுக்கும். நேரம் காட்டும் டைமரோ போன வாரமே மண்டையைப் போட்டுவிட்டது. செல்போன் வெளிச்சம் காகிதத்தைக் கெடுத்துவிடும். அதனால் வாயால்தான் எண்ண வேண்டும்.

"துண்டுக் காகிதத்துல நான் சோதிச்சப்ப பன்னெண்டு சரியா இருந்துச்சு. நீதான் ஆமையா எண்ணிட்ட," என்றாள் கர்நாடக எல்லையோரத் தளியிலிருந்து வரும் அனிதா.

"நீ பஸ்ஸுக்கு ஓடுறாப்புல எண்ணியிருப்ப. சேர்ந்து எண்ணிப் பாப்பமா?"

அனிதா கன்னடத்தில் எண்ணினாள், சுவாதி தமிழில். அனிதா 'ஹன்னெரடு' என்று பன்னிரண்டை முடித்தபோது சுவாதி எட்டில்தான் இருந்தாள்.

அனிதாவின் கண் கலங்கியது. இனி இருப்பது ஒரு முழுக் காகிதமும் ஒரு துண்டும்தான்.

"உன்மேல தப்பில்ல. சோதிச்சது நீ, படத்துக்கு எண்ணுனது நான். அதான் வம்பு," என்றாள் சுவாதி.

சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு பட்டறை. அங்கே பிரஸ் மெஷின் தகடு அடித்துக்கொண்டிருந்தது. டொம்... டொம்... டொம்...

"அனிதா, அத எண்ணலாம். அதுக்கு அவசரமும் இல்ல, சோம்பலும் இல்ல."

துண்டில் சோதித்தார்கள். ஒன்பது டொம் சரியாக இருந்தது. முழுக் காகிதத்தை வைத்து விளக்கைப் போட்டார்கள். நாலு, அஞ்சு...

ஆறாவது டொம்மோடு பட்டறையில் டீ மணி அடித்தது. சுவாதி சட்டென விளக்கை அணைத்தாள். மெஷின் நின்றுவிட்டது.

"போச்சு," என்றாள் அனிதா.

"போகல. வாங்குன வெளிச்சம் காகிதத்துலயே இருக்கும். பாக்கி மூணுதான். காகிதத்த மட்டும் அசைச்சிடாத."

காத்திருந்தார்கள். மூச்சு விடக்கூடப் பயமாக இருந்தது. வெங்கடம்மாள் போய்விடுவாரோ என்று வேறு கவலை.

ஒருவழியாக டொம். அனிதா விளக்கைப் போட்டாள். மூன்று எண்ணி அணைத்தாள்.

காகிதத்தை மருந்துத் தண்ணீரில் கழுவி எடுத்து, ஈரம் சொட்டும் படத்தோடு இருவரும் கேட்டுக்கு ஓடினார்கள். வெங்கடம்மாள் பையோடு வெளியே கால் வைத்திருந்தார். படத்தை வாங்கி வெகுநேரம் பார்த்தார்.

"என் நரைமுடியக்கூட எண்ணிப்புடலாம் போலிருக்கே."

"எங்கள எண்ணச் சொல்லாதீங்க ஆயா," என்றார்கள் இருவரும், ஒரே வேகத்தில்.