அரிசிக்குள் ஒரு கையுறை

டெலிபோன் அலறியது.

ஞாயிறு காலை. மொன்றியலின் செயின்ட்-மிஷேலில், அப்பா வீட்டு மேல்மாடியில், டினோஜன் ஒரு காலில் சாக்ஸும் மறுகாலில் நம்பிக்கையுமாக நின்றிருந்தான்.

"ஹலோ..."

"டினோஜன்தானே?" துவாய்த் துண்டைக் கடித்துக்கொண்டு பேசுவது போல ஓர் ஆண்குரல்.

"ஓம். ஆர்?"

"ஆர் எண்டது தேவையில்லை. உன்ர பையைத் திறந்து பார்."

திறந்தான். காலணி இருந்தது. தொப்பி இருந்தது. அம்மா பொரித்துச் சுற்றி வைத்த ரோல்ஸ்கூட இருந்தது.

கையுறை..?

இல்லை.

"கிளவுஸ் எங்களிட்ட பத்திரமா இருக்கு. போட்டுக்கூடப் பாத்தன். கைக்கு அளவா, நல்ல சோக்கா இருக்கு. இண்டைக்கு நீ பந்து எறியப்படாது. பொலிசுக்குப் போனியோ... வெட்டிச் செருப்புத் தைச்சுப்போடுவன்."

டொக்.

டினோஜன் கட்டிலில் சரிந்தான்.

பேஸ்பால் பந்தெறிவது அவன் தொழில். அதுவும் இடக்கையால். பதினெட்டு வயதில் ஓர் அமெரிக்கக் கழகம் அவனை அள்ளிக்கொண்டு போனது. பெயர் தெரியாத ஊர்கள், மலிவு மோட்டல்கள், முழங்கால் முட்டும் பஸ்கள் என்று பத்து வருடம். உச்ச லீக்கின் கதவுவரை போனான். கதவு திறக்கவில்லை, தோள்மூட்டுத்தான் திறந்தது!

மொன்றியல் திரும்பி, சின்ன அணி ஒன்றில் எறிந்து, தோள் தேறி, இப்போது முப்பத்துமூன்று வயது. மத்தியானம் நடக்கும் ஆட்டத்தைப் பார்க்க, பெரிய கழகத்தின் ஆள்பிடிகாரர் ஒருவர் விமானம் ஏறி வந்திருக்கிறார். இன்று விட்டால் இனி இல்லை.

வேறு கையுறை? இடக்கைக்காரனின் கையுறை வலக்கைக்கு உரியது. அணியில் இடக்கைக்காரன் இவன் ஒருவன்தான். கடையில் வாங்கினால் அட்டைப்பெட்டிக்குள் கைவிட்டது போல விறைத்து நிற்கும். பழக ஒரு கோடைகாலம் போய்விடும்.

"அக்கா..."

படியிறங்கி வந்தவனை, சமையலறையில் இருந்த றொசானா நிமிர்ந்து பார்த்தாள். காப்புறுதிக் கம்பனியில் அவளுக்கு வேலை. நடக்காத களவுக்கு நட்டஈடு கேட்பவர்களை மோந்து பிடிப்பாள்.

"ஏனடா பேயடிச்ச மாதிரி நிக்கிறாய்?"

சொன்னான்.

"சேர்ச்சில பூசை முடிஞ்சு வரேக்க கிளவுஸ் பைக்குள்ள இருந்ததோ?"

"ஓம். வாசல்ல வைச்சிட்டுக் குளிக்கப் போனன். குளிச்சிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு மேல வந்திட்டன்."

"அதுக்குப் பிறகு வீட்டுக்கு வந்தது ஆர்?"

எல்லாக் கண்களும் மேசைப் பக்கம் திரும்பின. மாமி மகன் ஜெனாட் வாய் நிறைய ரோல்ஸோடு இருந்தான். டினோஜனைக் காரில் ஏற்றிப் போக வந்தவன். அதே அணி. டினோஜன் எறியாவிட்டால் பந்து போவது... ஜெனாட்டின் கைக்கு!

"என்னைப் பாக்காதேங்கோ. நான் எடுத்தது ரோல்ஸ் மட்டும்தான்."

"அது தெரியுது மச்சான், சட்டையிலயும் கிடக்கு," என்றாள் றொசானா. "தம்பி, அவன் என்ன சொன்னவன்? ஒரு சொல்லும் விடாமச் சொல்லு."

"போட்டுப் பாத்தானாம். கைக்கு அளவாம்."

"உன்ர கிளவுஸை ஜெனாட் போட்டா?"

"அவன் சோத்துக்கையால எறியிறவன். கிளவுஸை இடக்கையிலதான் போடுவான். என்ரயில பெருவிரல் மற்றப் பக்கம். ஏறாது."

"அப்ப கள்ளனும் உன்னை மாதிரி இடக்கைக்காரன்."

டினோஜன் கசப்பாகச் சிரித்தான். "இந்த வீட்டில நான் ஒருத்தன்தானே. சோத்துக் கோப்பையில இடக்கையை வைச்சதுக்கு அப்பா முறிச்ச அகப்பைக்காம்பை அடுக்கினா ஒரு வேலி கட்டலாம்."

"அதுதான் சிக்கல். எல்லாரும் சோத்துக்கையாலதான் சாப்பிடுறம். சாப்பாட்டைப் பாத்து ஆளைப் பிடிக்கேலாது."

அவள் கண் தேசிக்காய்க் கிண்ணத்தில் விழுந்தது. உருண்டை உருண்டையாய் எலுமிச்சைகள்.

"பிடி."

முதல் தேசிக்காய் பறந்தது. ஜெனாட்டின் வலக்கை பொத்திப் பிடித்தது.

இரண்டாவது, சட்டி மூடியில் 'டங்' என்று பட்டுத் தெறித்தது. "உனக்கென்ன விசரே?" என்றார் அம்மா அல்போன்சம்மா, அகப்பையோடு.

மூன்றாவது...

மூலைக் கதிரையில் அப்பா அருமைராசா, தோளில் துவாயோடு பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை. பேப்பருக்கு மேலே ஒரு கை மட்டும் எழுந்தது. தேசிக்காய் அதற்குள் அடங்கியது.

இடக்கை!

அம்மாவின் அகப்பை குழம்புக்குள் விழுந்தது.

"அப்பா... நீங்கள்?"

அருமைராசா தன் கையையே காட்டிக்கொடுத்த கூட்டாளியைப் போல முறைத்தார்.

"பிறந்ததே இப்பிடித்தான். மிசன் பள்ளிக்கூடத்தில வெள்ளை அங்கிப் பிறதர் மர அடிமட்டத்தால அடிச்சுத் திருத்தினவர்."

"அப்ப என்னை ஏன் அடிச்சனீங்கள்?"

"பிறதரைத் திருப்பி அடிக்க ஏலுமே?"

"சரி, கிளவுஸை எடுத்து, கீழ நிண்டு போனில வெருட்டினது ஏன்?"

அவர் பேப்பரை மடித்தார். விரித்தார். மறுபடி மடித்தார்.

"முந்தி போனாய். பத்து வருசம். அம்மா உன்னோட போனில கதைச்சா. நான் ரீவியோட கதைச்சன். இப்ப நீ மேல படியேறுற சத்தம் கேட்டாத்தான் எனக்கு நித்திரை வருது. அந்த ஆள் உன்னைத் திரும்பக் கொண்டு போயிடுவான்..."

டினோஜன் அப்பாவின் இடக்கையிலிருந்த தேசிக்காயை வாங்கிக் கிண்ணத்தில் வைத்தான்.

"எங்கை வைச்சிருக்கிறியள்?" என்றாள் றொசானா.

"அரிசிமூட்டைக்குள்ள."

அல்போன்சம்மா சோற்றுப் பானையைப் பார்த்தார். "எந்த மூட்டை?"

"புது மூட்டையப்பா... புது மூட்டை."

அவரே எடுத்து வந்து, மகனின் வலக்கையில் மாட்டிவிட்டார்.

"போய் எறி. ஆனா கொஞ்சம் கெட்டித்தனமில்லாம எறி."

அந்த ஒரு சொல்லைத்தான் மகன் கேட்கவில்லை.

மத்தியான வெயிலில் டினோஜன் எறிந்த ஒவ்வொரு பந்தோடும் கையுறையிலிருந்து நாலு அரிசி உதிர்ந்தது. மட்டைக்காரர்கள் பந்தைப் பார்ப்பதா அரிசியைப் பார்ப்பதா என்று திகைத்தார்கள். வந்தவர்கள் எல்லாம் ஆட்டமிழந்து திரும்பினார்கள்.

ஆட்டம் முடியப் போகும் நேரம் மட்டையில் பட்ட பந்து ஒன்று பக்கவாட்டில் பறந்து பார்வையாளர்களின் கடைசி வரிசையில் விழுந்தது. அங்கே அருமைராசா. எடுத்தார். சுற்றிப் பார்த்தார். அடிமட்டத்தோடு எந்தப் பிறதரும் இல்லை.

இடக்கையால் வீசினார்!

பந்து நூல் பிடித்தாற்போல வந்து மகனின் கையுறைக்குள் 'டப்' என்று இறங்கியது.

ஆட்டம் முடிந்ததும் ஓலைத்தொப்பி ஆள்பிடிகாரர் வேலியோரம் வந்தார். றொசானா அப்பாவுக்கு மொழிபெயர்த்தாள்.

"தம்பியை எடுக்கினமாம். வாற கிழமை புளோரிடாவாம்."

டினோஜன் அப்பாவைப் பார்த்தான். அப்பா தன் சப்பாத்துக் கால்களைப் பார்த்தார்.

தொப்பிக்காரர் இன்னும் ஏதோ சொன்னார். றொசானாவின் வாய் பிளந்தது.

"பயிற்சியில மட்டைக்காரருக்கு எறிஞ்சு குடுக்க இடக்கைக்காரர் கிடைக்கிறேல்லையாம். கடைசி வரிசையில நிண்ட பெரியவர் வருவாரோ எண்டு கேக்கிறார்."

"பாஸ்போட் றெடி," என்றார் அருமைராசா.

றொசானா தொப்பிக்காரரின் கையைக் குலுக்கினாள்.

"தாராளமாக் கூட்டிக்கொண்டு போங்கோ சேர். ஆனா ஒண்டு... பின்னேரத்தில கிளவுஸுகளை எண்ணிப் பூட்டுங்கோ. எண்ணிக்கை குறைஞ்சா, நேர குசினி அரிசிமூட்டைக்குள்ள தேடுங்கோ!"