நாற்பத்திரண்டாவது பேக்கேஜ்

பட்டியலில் நாற்பத்தொன்று இருக்க வேண்டும். நாற்பத்திரண்டு இருந்தது.

வினோலியா மறுபடி எண்ணினாள். அதேதான். கடைசியில் நின்றது 'ஹோல்ட்'. எழுதியவர் பெயர் இல்லை. மின்பூட்டை வாங்க வரும் மதுரைக்காரர் அதன் மென்பொருளுக்குள் இருக்கும் பேக்கேஜ்களின், அதாவது அதில் சேர்த்த சிறு நிரல்களின், முழுப் பட்டியலைக் கேட்டிருந்தார். தெரியாத பெயர் ஒன்று இருந்தாலும் ஆர்டர் இல்லை. ஆர்டர் இல்லையென்றால் இந்தக் கம்பெனியும் இல்லை.

அழித்தாள். திரும்ப வந்து உட்கார்ந்தது. மறுபடி அழித்தாள். மறுபடி வந்தது.

கல்யாணத்துக்கு ஒருவரை அழைத்தால் நாலு பேரோடு வருவார். பேக்கேஜும் அப்படித்தான், தனக்கு வேண்டிய மற்றவற்றையும் கூட்டி வரும். சிலது இன்னும் மோசம், இன்னொன்றைத் தன் வயிற்றுக்குள்ளேயே வைத்துக்கொண்டு வரும். ஒவ்வொன்றாகத் திறந்து பார்ப்பதைத் தவிர வழியில்லை.

பேகம்பூர் மாடிவீட்டுப் பிற்பகல் வெக்கையில், கீழே தோல் மண்டியின் உப்பு வாடை ஏறிவர, ஜன்னலில்லாத காலிப் பின்னறையின் கதவில் மாட்டியிருந்த மாதிரி மின்பூட்டு, மூன்று மாதமாக முனகுவதுபோல 'ர்ர்க்' என்று முனகியது.

போன் அடித்தது. மதுரைக்காரரை அழைத்து வரப் போயிருந்த பிரிட்டோ.

"அக்கா, கொடைரோடு தாண்டிட்டோம். முடிஞ்சுச்சா?"

"ஏலே, போனை வையி. ஒண்ணு மட்டும் அட்டை மாதிரி ஒட்டிக்கிட்டுப் போக மாட்டேங்குது."

"பூட்டு முனகுறதையாச்சும் நிறுத்துக்கா. வந்தவுக முன்னால மானம் போகும்."

ர்ர்க்.

இருபதாவது பேக்கேஜின் வயிற்றில் அது அகப்பட்டது. பத்தே வரி. உள்பக்கக் கைப்பிடி அசைந்தால், கதவு திறக்காதபடி தாழை மறுபடி தள்ளு. அவ்வளவுதான்.

காலி அறைக்குள் யார் அசைக்கப் போகிறார்கள்? இதற்கா அரை நாள்? பல்லைக் கடித்துக்கொண்டு அழித்தாள். புதிய மென்பொருள் பூட்டுக்குள் இறங்கியது.

நாற்பத்தொன்று.

சிரித்தாள். முனகலும் நின்றிருந்தது.

சிரிப்பு பாதியில் நின்றது. முனகல், தாழைத் தள்ளும் மோட்டாருடையது. உள்ளேயிருந்து கைப்பிடி அசைந்தால்தான் அது தாழைத் தள்ளும்.

மூன்று மாதமாக. இரவும் பகலும்.

படியில் செருப்புச் சத்தம். "வாங்க சார், மேலதான்." பிரிட்டோ.

பின்னறைக் கைப்பிடி இறங்கியது. மெதுவாக. கதவு ஒரு சாண் திறந்தது. ஈரமண் வாடை. உள்ளே இருட்டு.

கதவின் விளிம்பைப் பற்றியபடி நான்கு விரல்கள்.

ஐந்து.

ஆறு.

ஏழு.