கோமதியின் கொட்டில் வாசல்

"யூசுப்தாம்மா திறந்து விட்டிருக்கான். பதினோரு மணிக்கு வனத்துறை ஜீப் வரும். அதுக்குள்ள உண்மை அவன் வாயாலயே வரணும்."

வைத்தியநாதன் நிமிர்ந்து நின்றே சொன்னார். நகர எல்லையில் இருக்கும் அல்வாலுக்கு அப்பால் அவர் நடத்தும் காப்பகத்தில், சர்க்கஸிலிருந்து மீட்ட யானை கோமதி. மழை பெய்த அன்றைய விடியற்காலையில் கொட்டில் கதவு திறந்து கிடந்தது. கோமதி நெடுஞ்சாலையில் லாரிகளுக்கு நடுவே நின்றாள். பாகன் முகமது யூசுப்தான் திருப்பி ஓட்டி வந்தான். காப்பகத்தின் அலட்சியம் என்று அதிகாரி எழுதினால் கோமதி கையை விட்டுப் போய்விடுவாள். வைத்தியநாதன் குடும்பத்தின் பெயரும் கூடவே போய்விடும்.

அவர் வரவழைத்திருந்த முன்னாள் இன்ஸ்பெக்டர் மங்கையர்க்கரசி தரையை நோக்கிக் குனிந்தார். யானைத் தடத்தை ஒட்டி, சேற்றில் வெறுங்கால் தடம்.

"சத்தம் கேக்கக்கூடாதுன்னு பூட்ஸைக் கழட்டியிருக்கான் மேடம்!" என்றான் அவருடைய உதவியாளன் பிரசன்னா.

"நக்கோ தம்பி, அப்படிப் பேச வேணாம். பூட்ஸ் இல்லாம நான் உள்ள போனதே இல்ல" என்றான் யூசுப்.

கூரைக்குக் கீழே, காய்ந்த புழுதியில், ஒரு ஜோடிச் செருப்பின் அச்சு அருகருகே பதிந்திருந்தது.

"கோயில் வாசல்ல விடற மாதிரி விட்டிருக்காங்க. யானையைத் தொடச் செருப்பைக் கழட்டற பழக்கம் இங்க யாருக்கு சார்?" என்றார் மங்கையர்க்கரசி.

"பிள்ளையார் அம்சம்மா அது. எங்க வீட்டுல யாரும் செருப்போட..." வைத்தியநாதனின் குரல் பாதியில் நின்றது.

மங்கையர்க்கரசி, வைத்தியநாதனின் மகன் கௌஷிக்கின் பக்கம் திரும்பினார். "நீங்க எப்ப வந்தீங்க?"

"இப்பதான். பேகம்பேட்லேருந்து. கார்லேருந்து இறங்கி நேரா இங்கதான் நிக்கறேன்."

"செருப்பைக் கழட்டுங்க."

செருப்பின் உள்பக்கம், குதிகால் பதியும் இடத்தில், காய்ந்த சேறு.

"செருப்போட நடந்தா சேறு அடியில ஒட்டும். வெறுங்காலோட நடந்துட்டு அப்புறம் மாட்டினா உள்ள ஒட்டும்."

கௌஷிக் அப்பாவைப் பார்த்தான். "பைபாஸ் பண்ணின உடம்புப்பா. வனத்துறை இவளைக் கொண்டுபோயிட்டா வீட்டோட இருப்பீங்கன்னு நெனச்சேன். ரோடு வரைக்கும் போயிடுவாள்னு தெரியாது." வாசலில் ஜீப் ஹாரன் கேட்டது. அவன் குரலைத் தாழ்த்தினான். "யூசுப்னே இருக்கட்டும்ப்பா. நம்ம பேராவது மிஞ்சும்."

யூசுப் தரையையே பார்த்தான். வைத்தியநாதன் விறைத்த முதுகு வளையாமல் வாசலுக்கு நடந்தார்.

"கதவைத் திறந்தது என் பையன் கௌஷிக். வைத்தியநாதன் மகன்னு சேர்த்தே எழுதுங்க."

அதிகாரி தயங்கினார். "அப்போ யானை?"

"அதை யூசுப் பாய்கிட்ட கேளுங்க. இன்னியிலேருந்து இந்தக் காப்பகத்தோட பொறுப்பு அவரோடது."