பொதுநிரலுக்குச் சம்மதம்

நிலவின் தென்முனைக் குடியிருப்பில் தெருவுக்கு ஒரு நேரத்தில் காற்று வரும்; மூன்றாம் தெருவுக்குக் காலையில். வருவதற்கு முன்னால் மணி ஒலிக்கும். வெளியே நிற்பவர்கள் அடித்துப்பிடித்து வீட்டுக்குள் போய்விட வேண்டும். வீட்டுக்கு வீடு இருக்கும் இரட்டைக் கதவுகள் தாமாகப் பூட்டிக்கொள்ளும். சுவரோரக் குழாய் வழியாக அன்றைக்கான காற்று புஸ்ஸென்று இறங்கி, அளவு சரியானதும் பூட்டு திறக்கும். முதல் தெருவுக்கு மட்டும் கொஞ்சம் கூடுதலாக விடுகிறார்கள் என்ற புகார் குடியிருப்பு தொடங்கிய நாளிலிருந்தே உண்டு. தலைவர் ஆதிலிங்கத்தின் வீடு அந்தத் தெருவில்தான் இருந்தது.

அன்று மணி ஒலித்தது. கதவுகள் பூட்டிக்கொண்டன. காற்று மட்டும் வரவில்லை.

கணினி அறையில் பணியிலிருந்த ஜெபக்கனியை அவள் கணவன் தவமணி வீட்டிலிருந்து அழைத்தான்.

"ஏ கனி, காத்து இன்னும் வரலியே. பாப்பா வேற சிணுங்குதா."

"பயப்படாதிய. நான் என்னன்னு பாக்கேன்."

அவனுக்குத் தைரியம் சொல்லிவிட்டுக் கணக்குப் போட்டாள். நேற்றைய மிச்சக் காற்று மதியம் வரை தாங்கும். கைக்குழந்தைக்கு அவ்வளவுகூடத் தாங்குமோ என்னவோ. கதவை உடைக்கவும் வழியில்லை. தெருவில் காற்றே கிடையாது. கவச உடை போட்டுத்தான் நடக்க வேண்டும். உடைத்தால் உள்ளே இருப்பதும் போய்விடும்.

குடியிருப்புக்கு மொத்தமே ஒரு கணினி. காற்று, தண்ணீர், விளக்கு, பள்ளிக்கூடம், ஆளுக்காள் அனுப்பும் வாழ்த்து எல்லாம் அதில்தான் ஓடின. அளப்பதையும் கணக்குப் போடுவதையும் ஒவ்வொரு செயலியும் தனித்தனியாகச் சுமந்தால் இடம் போதாதென்று, எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரு நிரல்தொகுப்பு வைத்திருந்தார்கள். பொதுநிரல் என்று பெயர். நாலு குடித்தனத்துக்கு ஒரே அம்மி போல, யார் அரைத்தாலும் அதில்தான். நேற்று சாயங்காலம் பூமியிலிருந்து அதன் ஐந்தாம் பதிப்பு வந்திருந்தது. 'வாழ்த்துமலர்' செயலிக்கு அது வேண்டுமாம். நான்காம் பதிப்பு எழுந்து ஐந்தாவது உட்கார்ந்ததும், மாலை வணக்கத்தோடு உள்ளங்கையிலேயே ஒரு ரோஜா முப்பரிமாணத்தில் விரிந்தது. குடியிருப்பே பூரித்துப்போனது.

காற்றுச் செயலியோ நான்காம் பதிப்பை நம்பி எழுதப்பட்டது. ஒரு வீட்டின் காற்றழுத்தம் என்னவென்று கேட்டால் நான்காவது 'எழுபது' என்று சொல்லும். ஐந்தாவது, நுணுக்கமாக இருக்கட்டுமென்று அலகைச் சிறிதாக்கி, 'எழுபதாயிரம்' என்றது. இவ்வளவு காற்று இருக்கிற வீட்டுக்கு இன்னும் எதற்கு என்று காற்றுச் செயலி குழாயை மூடிவிட்டது. அளவு சரியில்லை என்று கதவையும் திறக்கவில்லை.

இதைக் கண்டுபிடிக்க ஜெபக்கனிக்கு வெகுநேரம் ஆகவில்லை. காற்றுச் செயலிக்கு மட்டும் கணினிக்குள் ஒரு தனியறை கட்டி, அதில் நான்காம் பதிப்பைக் குடிவைத்தால் இரண்டு பதிப்பும் சண்டையில்லாமல் இருக்கும். ஆனால் அது முழுநாள் வேலை. உடனே ஆகிற காரியம், ஐந்தை எடுத்துவிட்டு நான்கைத் திரும்ப வைப்பதுதான். அதற்கு ஒரு நொடி போதும். ஆனால் பொதுநிரலில் கை வைத்தால் எல்லாருடைய செயலியும் ஆட்டம் காணும் என்பதால், வயது வந்த அத்தனை பேரும் மணிக்கட்டில் கட்டியிருக்கும் கைப்பட்டையில் 'சம்மதம்' அழுத்தியாக வேண்டும் என்பது குடியிருப்பின் சட்டம். ஒருவர் அழுத்தாவிட்டாலும் கணினி அசையாது.

தலைவரை அழைத்துச் சொன்னாள்.

"அதுக்கென்னம்மா, எல்லாம் நம்ம சனந்தானே" என்றார் ஆதிலிங்கம். "விவரமா எழுதி அனுப்பு. உயிர் விஷயம். கண்ணை மூடிட்டு அமுக்கிருவாங்க."

விவரமாக எழுதினாள். அதுதான் அவள் செய்த தப்பு. நேற்று ஐந்தாம் பதிப்பு வந்தபோது ஒருவரும் ஒரு வரி படிக்கவில்லை. வந்த வேகத்தில் அமுக்கித் தள்ளினார்கள். இன்று 'காற்று', 'அபாயம்' என்ற சொற்களைக் கண்டதும், ஆயுசில் எதையும் படித்திராதவர்களெல்லாம் படிக்க உட்கார்ந்துவிட்டார்கள். படித்ததும் சந்தேகம் வந்தது. கைப்பட்டைகளில் குரல்கள் கிளம்பின.

"எழுபதை விட எழுபதாயிரம் பெருசுதானே? பெருசை விட்டுட்டு எதுக்குச் சின்னதுக்குப் போவணும்?"

"முதல் தெருக்காரன் காத்தைக் கூட்டிக்கிட இது ஒரு வழி!"

மூன்றாம் தெருவிலேயே அடைபட்டிருந்த கோமதிநாயகம் வாத்தியார் ஒன்பதாம் பத்தியில் நின்றுகொண்டார். "தற்காலிகமாகன்னு போட்டிருக்கியே தாயி. எத்தனை நாளுன்னு போடலியே?" என்றார், மூச்சு வாங்கிக்கொண்டே.

"சார், உங்க வீட்லயும் காத்து இல்ல சார்!"

"அது இருக்கட்டும். கொள்கைன்னு ஒண்ணு இருக்குல்லா?"

ஜெபக்கனிக்கு அழுகை வந்தது. வெட்கப்படாமல் அழுதாள். நடுவில் தவமணி மறுபடி அழைத்தான். அவன் குரல் இறங்கியிருந்தது.

"பாப்பா இப்ப அழல்ல, கனி. சத்தமே இல்லாமக் கிடக்கா. அதான் பயமா இருக்கு."

அதற்குமேல் அவளால் யாருக்கும் எதையும் விளக்க முடியவில்லை. எழுதிய பத்திகளில் ஒரு எழுத்தும் மாற்றாமல் அவற்றைக் கீழே தள்ளினாள். மேலே பெரிதாக ஒரு ரோஜாவை வைத்தாள். 'புத்தம் புதிய நூறு வாழ்த்துமலர்கள்! பெற, சம்மதம் அழுத்தவும்' என்று எழுதி அனுப்பினாள்.

ஒரு தம்ளர் தண்ணீர் குடிக்கிற நேரத்துக்குள் எல்லாரும் அழுத்தியிருந்தார்கள். முதலில் அழுத்தியவர் கோமதிநாயகம் வாத்தியார்.

நான்காம் பதிப்பு திரும்பியது. கவச உடைக்குள் விழுந்தடித்துப் புகுந்து அவள் வீட்டுக்கு ஓடிச் சேர்ந்தபோது, பூட்டு திறந்திருந்தது; உள்ளே பாப்பா வீறிட்டுக்கொண்டிருந்தாள். அந்த அழுகையைக் கேட்டு இவ்வளவு சந்தோஷப்படுவோம் என்று ஜெபக்கனி நினைத்ததே இல்லை. கவசத்தைக் கழற்றிப் போட்டுக் குழந்தையை வாரி நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

"நீங்களும் உடனே அமுக்கிட்டியளா?" என்று கணவனைக் கேட்டாள்.

"பின்னே? நூறு பூன்னு வந்துச்சே."

"கதவு தொறக்கதுக்குன்னு அடியில எழுதியிருந்தேனே?"

"அதெல்லாம் யாரு படிக்கா?"

சிரிப்பதா இவனை அடிப்பதா என்று தெரியாமல் இரண்டையும் செய்தாள். அதற்குள் தலைவர் அழைத்துவிட்டார்.

"எங்கம்மா அந்த நூறு பூவு? இருந்த ரோஜாவும் போயிட்டுன்னு சனம் என்னைப் பிய்க்காங்க."

காற்றைப் பற்றி அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"பூவுக்கு அஞ்சாம் பதிப்பு வேணும் அண்ணாச்சி. அது வந்தா மறுபடி காத்து நின்னுரும். நாளைக்குள்ள தனியறை கட்டி முடிச்சிருதேன். அது வரைக்கும் பொறுக்கச் சொல்லுங்க."

"நான் சொன்னா கேக்கவா செய்வாங்க? அஞ்சு வேணுமா வேண்டாமான்னு அவங்ககிட்டயே கேட்டு அனுப்பிருதேன்."

அவர் வைத்துவிட்டார். ஜெபக்கனி கொஞ்சம் பதறினாள், பிறகு அடங்கினாள். ஒருவர் அழுத்தாவிட்டாலும் போதுமே. ஊரே அமுக்கட்டும், நான் அமுக்கப்போவதில்லை என்று நினைத்துக்கொண்டாள். குழந்தையைத் தோளில் போட்டு, முதுகைத் தட்டியபடி அறைக்குள் நடந்தாள். காலையிலிருந்து அழுது களைத்திருந்த பாப்பா மெல்லக் கண் செருகினாள்.

கைப்பட்டை கிர்ரென்று அதிர்ந்தது. பாப்பா உதட்டைப் பிதுக்கி முனக ஆரம்பித்தாள். தூக்கம் கலைந்துவிடுமே என்று, இருந்த வாக்கிலேயே, என்னவென்று பாராமல் கட்டைவிரலால் அதை அமுக்கி அதிர்வை நிறுத்தினாள். பாப்பா பெருமூச்சு விட்டுத் தூங்கிப்போனாள்.

"எல்லாரும் சம்மதம்னு வந்துட்டே, கனி" என்றான் தவமணி, தன் கைப்பட்டையைப் பார்த்தபடி. அவன் முகத்தில் மகிழ்ச்சி தெரிந்தது. "ஒருத்தர் பாக்கி இல்ல."

ஜெபக்கனி தன் கட்டைவிரலைப் பார்த்தாள்.