பார்ப்பதற்கு மட்டும்

தூத்துக்குடிக் கடலடி நகரில் கடலுக்குள் இறங்கும் வழியான மூன்றாம் நீரறையின் வெளிக்கதவு தானாகத் திறக்க ஆரம்பித்தபோது, அதன் கதவுகளை இயக்கும் ரோஸ்லினின் இரண்டு கைகளும் மடியில்தான் இருந்தன. எந்த விசையையும் அவள் தொடவில்லை. ஐயோ, தொட்டிருந்தாலாவது எதைத் தொட்டோம் என்று தெரிந்திருக்கும்!

அந்த அறைக்குள் அவள் தம்பி பியோ நீருடை போடாமல் குழாய் பழுதுபார்த்துக்கொண்டிருந்தான்.

"அக்கா! தண்ணி வருது! என்னத்தப் பண்ணித் தொலைச்ச?" ஒலிபெருக்கி அலறியது.

அவள் செய்தது இவ்வளவுதான்: யாரோ அனுப்பிய கோப்பு ஒன்றை எழுத்துத்திரையில் விரித்துப் பார்த்தாள். வெளியார் கோப்பை இயக்கக் கூடாது என்று நகரில் சட்டம் உண்டு. பார்ப்பதற்குத் தடை இல்லை, பார்த்தால் என்ன கெட்டுவிடும்? ஆனால் எழுத்துத்திரை வெறும் கண்ணாடி இல்லையே! எழுத்துகளுக்கு நடுவே கண்ணுக்குத் தெரியாத மறைகுறிகள் வந்தால், அவற்றுக்கு அது கீழ்ப்படியும். 'இனி உன் பெயர் "கதவைத் திற"' என்று ஒரு குறி சொல்லும். 'உன் பெயர் என்ன?' என்று அடுத்த குறி கேட்கும். திரை சமர்த்தாக, 'கதவைத் திற' என்று பதில் சொல்லும். அந்தப் பதில் போய் விழுவது, ரோஸ்லின் ஆணைகளைத் தட்டச்சு செய்யும் அதே வரியில். அவளே சொன்னதாகக் கதவு நம்பிவிட்டது.

ரோஸ்லின் பாய்ந்துபோய் மூன்றாம் அறையின் கதவுகளுக்கான மின்வடத்தைப் பிடுங்கினாள். மின்சாரம் போனால் கதவுகள் வில்விசையில் மூடிக்கொள்ளும். நல்லவேளை, மூடின.

"இடுப்பளவு நிக்குது. உசுரோடதான் இருக்கேன்," என்றான் பியோ. "உள்கதவச் சீக்கிரம் தொற அக்கா, குளிருது."

கோப்பை அழித்தாள். தலைமைக் காவலர் சவரிராயனை அழைத்து நடந்ததைச் சொன்னாள்.

"கோப்போட நகல் பொதுக் கிடங்குல இருக்குல்லா? நான் பாத்துக்கிடுதேன்," என்றார் அவர். "எல்லாருக்கும் இப்பவே எச்சரிக்கை அனுப்புதேன். நீ தம்பியக் கவனி."

மின்வடத்தை மறுபடி செருகினாள். உள்கதவு மெல்ல விலகியது.

"அக்கா, என் கைத்திரைக்கு என்னமோ வந்திருக்கு. 'ஆபத்தான கோப்பு, யாரும் பார்க்க வேண்டாம்'னு போட்டிருக்காவ."

"சரில, நீ பேசாம வா."

"அடையாளம் தெரியணும்னு கீழ அந்தக் கோப்பையே சேத்திருக்காவ."

"ஏல, பாக்காத! கண்ண மூடுல!"

கண்ணை மூடி என்ன செய்ய? நீரறைக் கதவோடு இணைந்த அந்தக் கைத்திரை அதற்குள் காட்டி முடித்திருந்தது. வெளிக்கதவு நகர்ந்தது. தண்ணீரோடு தண்ணீராக பியோ உள்ளே வந்து விழுந்தான். ரோஸ்லின் வடத்தைப் பிடுங்கினாள். இரண்டு கதவுகளும் அறைந்து மூடின. நனைந்து நடுங்கிய தம்பியைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

அப்போது நான்காம் நீரறையிலிருந்து ஓர் அலறல் வந்தது. பிறகு ஏழாம் அறையிலிருந்து. பிறகு எது எந்த அறை என்று பிரித்துக் கேட்க முடியவில்லை. சவரிராயனின் எச்சரிக்கை ஒருவர் விடாமல் எல்லாருக்கும் போய்ச் சேர்ந்திருந்தது.