இருபத்தேழாவது கேள்வி

“அந்தக் கேள்விய எழுதினவன் சரியான முட்டாளா இருக்கணும்மா…”

அமெரிக்காவில், ஃப்ரீமான்ட்டில் ரயில் ஏறியதிலிருந்து வான்மதி இதைச் சொல்வது நான்காவது முறை. பெட்டியில் யாருக்குத் தமிழ் தெரியப்போகிறது என்று அவளுக்கு எண்ணம். பாதிப் பெட்டி இந்தியர்களாக நிறையும் ஃப்ரீமான்ட் ரயிலில், காலை ஒன்பது மணிக்கு, இப்படி நினைக்கவும் ஒரு துணிச்சல் வேண்டும்தான். ஃபோனின் அந்தப் பக்கம், கோபிசெட்டிபாளையத்தில், படுக்கையை உதறிப் போட்டுக்கொண்டிருந்த சாந்தாமணி கொட்டாவி விட்டார்.

“ஏங்கண்ணு, தூங்கற நேரத்துல இதச் சொல்லவா கூப்ட்ட? அந்தப் பிளானோ ஊரு மாப்பிள்ளப் பையனப் பத்திக் கேட்டனே… ஞாயித்துக்கிழமை வீடியோல பேசறியா, இல்லியா?”

“நான் லின் ஆன்ட்டியப் பத்திச் சொன்னா நீ பிளானோவுக்குப் போற. இருபத்திரண்டு வருஷம் கெமிஸ்ட்ரி சொல்லிக்குடுத்தவங்கம்மா. ஒரே ஒரு மார்க்குல ஃபெயில். எல்லாம் அந்த இருபத்தேழாவது கேள்வியால. எழுதினவன் மட்டும் கையில கெடைச்சான், போசில போட்டு வேகவெச்சிருவேன்…”

எதிர் இருக்கையில் ஒரு சிரிப்பு அவசரமாக இருமலாக மாறியது.

வான்மதி நிமிர்ந்தாள். மழை வழியும் ஜன்னலோரம் ஒருவன். கறுத்த முகம், சவரம் செய்ய மறந்த தாடை. கண்கள் மட்டும்… அப்பப்பா, அந்தக் கண்களுக்குச் சிரிப்பை ஒளிக்கத் தெரியவே இல்லை. ஒரு நொடி பார்த்தான். சட்டென்று மழையைப் பார்த்தான்.

‘பார்க்கறதைப் பார்…’ என்று மனசுக்குள் ஒரு அதட்டல் போட்டுவிட்டு அவள் ஃபோனை வைத்தாள். வைத்த பிறகு தானும் மழையைப் பார்த்தாள். ஜன்னலில் அவன் முகம்தான் தெரிந்தது.

ஃப்ரீமான்ட்டில் ஒரு முதியோர் கல்வி மையம். அங்கே சீன மொழி பேசும் பெரியவர்களுக்கு மாலைதோறும் ஆங்கிலம் சொல்லித் தருகிறாள் வான்மதி. வகுப்பின் மூத்த மாணவி லின் ஆன்ட்டி, ஐம்பத்திரண்டு வயது. செங்டு நகரத்தில் வேதியியல் ஆசிரியை. இங்கே ஓர் உணவகத்தின் பின்கட்டில் இறால் உரிக்கிறார். மருத்துவ ஆய்வகப் பயிற்சியில் சேர வேண்டும் என்பது அவர் கனவு. அதற்கு ஒரு தேர்வு உண்டு. ஆங்கிலச் சொல்லறிவும், அறிவியல் பத்தியைப் படித்துப் புரிந்துகொள்ளும் திறனும் பார்ப்பார்கள். சீன மொழிக்காரர்களுக்கென்றே தயாரித்த தேர்வு. அதில்தான் ஒரு மதிப்பெண் போயிற்று. மாதக் கடைசி வரை இடத்தை வைத்திருப்பதாகக் கல்லூரி சொல்லியிருந்தது. இன்னும் மூன்று வாரம்.

ஆகவே வான்மதி, தேர்வு நடத்தும் கம்பெனிக்கே சண்டைக்குக் கிளம்பிவிட்டாள். ஓக்லண்டில் இறங்கினால் மழை கொட்டோ கொட்டென்று கொட்டுகிறது. கோபத்தை மறக்காமல் எடுத்து வந்தவள் குடையை மறந்திருந்தாள்.

“குடைக்குள்ள வாங்கோ. நனையப்போறியள்.”

திரும்பினாள். அதே கண்கள்.

“நீங்க… தமிழா?”

“ஓம்.”

“அப்ப ரயில்ல நான் பேசினது…”

“முழுக்க விளங்கினது. போசி எண்டா என்ன எண்டுதான் விளங்கேல்லை.”

முகம் சூடேறியது அவளுக்கு. அதற்காகப் பின்வாங்கும் ஜாதியா அவள்? “பாத்திரமுங்க. எங்க ஊர்ல அப்படித்தான் சொல்லுவோம். பெரிய போசி வேணும், ஒரு ஆளு உக்கார்ற மாதிரி.”

“பாவம் அந்த மனுசன்.”

“நீங்க ஏனுங்க அவருக்குப் பரிதாபப்படறீங்க?”

அவன் குடையைத் தூக்கிப் பிடித்தான். நடந்தார்கள். அவள் திரும்பிய தெருவில் அவனும் திரும்பினான். அவள் நுழைந்த கட்டடத்தில் அவனும் நுழைந்தான். லிஃப்ட்டில் அவள் ஆறாம் எண்ணை அழுத்த, அவன் வேறு எண்ணை அழுத்தவில்லை. அப்போதுதான் கவனித்தாள்… அவனுடைய இடது தோள் முழுக்க நனைந்து சொட்டுகிறது. குடை மொத்தமும் அவள் பக்கமே இருந்திருக்கிறது.

“நீங்களும் கம்ப்ளெயின்ட் பண்ண வந்தீங்களா?” குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

“இல்லை. நான் இங்க வேலை செய்யிறன்.” லிஃப்ட் திறந்தது. அவன் வெளியே வந்து, அவளுக்காகக் கதவைப் பிடித்துக்கொண்டு சொன்னான். “நிரோஜன். நான்தான் அந்த முட்டாள்.”

தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். வான்மதி கெட்டது அப்படித்தான். ஆனால் கெட்டதைக் காட்டிக்கொள்ளாமல் தலையை நிமிர்த்திக்கொண்டு உள்ளே போனாள்.

நிரோஜன் யாழ்ப்பாணத்துப் பையன். பௌதிகம் படிக்கப் பத்தொன்பது வயதில் அமெரிக்கா வந்தவன், ஆறு வருடமாக இங்கே கேள்வி எழுதுகிறான். இருபத்தேழாவது கேள்வியைத் திரையில் போட்டான். கேம்ப் ஃபயரைச் சுற்றி உட்கார்ந்து குச்சியில் மார்ஷ்மெல்லோ வாட்டுகிறார்கள். நெருப்பைத் தொடாமலே அது ஏன் பழுப்பாகிறது? விடை, கதிர்வீச்சு.

“லின் ஆன்ட்டிக்குக் கதிர்வீச்சு தெரியாதுன்னு நெனைக்கறீங்களா? பத்தி முழுக்கப் படிச்சுட்டாங்க. மார்ஷ்மெல்லோன்னா என்னன்னுதான் தெரியல. மார்ஷ்னா சதுப்பு நிலம். உங்க வேர்டு லிஸ்ட்லதான் படிச்சாங்க. சரி, சதுப்பு நிலத்துச் செடி போல, உள்ள ஈரம் இருக்கும்னு யோசிச்சு, தண்ணி ஆவியாகறதாலன்னு போட்டுட்டாங்க. யோசிச்சதுல என்னங்க தப்பு? அது பஞ்சு மாதிரி ஒரு சர்க்கரை மிட்டாய்னு அவங்களுக்கு யாரு சொன்னாங்க? நானும் சொல்லல.”

கடைசி இரண்டு வார்த்தையில் அவள் குரல் உடைந்தது. அவன் அதைக் கேட்டான். கேட்டும், “நாலாயிரம் பேருக்கு வச்சுப் பாத்த கேள்வி. பிழை இல்லை எண்டு நம்பர் சொல்லுது” என்றான்.

“அந்த நாலாயிரத்துல எத்தனை பேரு இங்கயே ஸ்கூல் படிச்ச பசங்க?”

அவன் திரையைத் துழாவினான். அந்தக் கணக்கு அங்கே இல்லை.

“கேள்விய எடுத்துருங்க.”

“எழுதினவரே பிழை எண்டு எழுதிக் குடுத்தாத்தான் எடுப்பினம். ஆறு வருசத்தில என்ர கேள்வி ஒண்டுகூடத் தள்ளுபடியானதில்லை.”

“அதான் பிரச்சனையா?”

அதுதான் பிரச்சினை. தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நிற்கிறவனிடம் நாலாவது காலை எப்படிக் காட்டுவது? வான்மதி எழுந்தாள்.

“சனிக்கிழமை என் கிளாசுக்கு வாங்க. நான் ஒரு டெஸ்ட் வெக்கறேன். ஃபிசிக்ஸ்தான், அதுவும் தமிழ்ல. நீங்க பாஸ் பண்ணிட்டா நான் வாயத் தொறக்கல.”

“திட்டுறதைக்கூட மரியாதையாத்தான் திட்டுறியள்.”

“எங்க ஊருங்க அப்படி” என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள். ரயிலில் வீடு திரும்பும்போது கேள்வியைப் பற்றி யோசிக்க வேண்டியவள் அந்த நனைந்த தோளைப் பற்றி யோசித்தாள். தன்மேலேயே எரிச்சல் எரிச்சலாக வந்தது.

சனிக்கிழமை வந்தான். சவரம் செய்திருந்தான். கடைசி பெஞ்சில் லின் ஆன்ட்டிக்குப் பக்கத்தில் உட்கார வைத்து, ஒரு தாளை நீட்டினாள் வான்மதி. பன்னிரண்டு மாணவர்களும் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு வேடிக்கை பார்த்தார்கள்.

‘கடும் குளிர்காலம். வீட்டுக்குள் விறகடுப்பு எரிகிறது. உறைந்த தேங்காயெண்ணெய் இரண்டு போசிகளில் இருக்கிறது. ஒன்று அட்டாலியில், மற்றது பொடக்காலியில். எது முதலில் உருகும்? அ) அட்டாலியில் உள்ளது. ஆ) பொடக்காலியில் உள்ளது. இ) இரண்டும் ஒரே நேரத்தில். ஈ) இரண்டும் உருகாது.’

நிரோஜன் படித்தான். மறுபடி படித்தான். தமிழ்தான், ஒவ்வொரு எழுத்தும் தெரிந்த எழுத்துதான். வெப்பத்தைப் பற்றி அவனை எழுப்பிக் கேட்டாலும் சொல்வான். ஆனால் அந்த இரண்டு சொற்கள் இரண்டு பூட்டிய கதவுகளாக நின்றன. பத்து நிமிடம் போயிற்று. நெற்றி வேர்த்தது. லின் ஆன்ட்டிக்குப் பொறுக்கவில்லை. பையிலிருந்து ஓர் ஆரஞ்சுப் பழத்தை எடுத்து அவன் முன்னால் வைத்து, “தெரியாவிட்டால் மூன்றாவதைப் போடு. எங்கள் ஊரில் எல்லோரும் அப்படித்தான் செய்வோம்” என்று ஆங்கிலத்தில் கிசுகிசுத்தார்.

அவன் மூன்றாவதைப் போட்டான்.

“தப்புங்க” என்றாள் வான்மதி. ஜெயித்துவிட்டாள், சிரித்திருக்க வேண்டும். ஏனோ சிரிக்க வரவில்லை. “அட்டாலின்னா பரண். சூடான காத்து மேல போகுமில்லீங்களா? பொடக்காலின்னா வீட்டுக்குப் பின்னாடி, வெளிய. அங்க குளிரு. உங்களுக்கு ஃபிசிக்ஸ் தெரியாதுன்னு இப்ப நான் எழுதி வெச்சுக்கட்டுங்களா?”

அவன் லின் ஆன்ட்டியைப் பார்த்தான். அவருடைய விரல்களில் இறால் ஓடு கீறிய தழும்புகளைப் பார்த்தான். தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, எழுந்து போய்விட்டான். ஆரஞ்சுப் பழத்தை மட்டும் கையில் எடுத்துக்கொண்டான்.

அவ்வளவுதான். ஒரு வாரம் ஆயிற்று, பத்து நாள் ஆயிற்று. ஃபோன் இல்லை, மெயில் இல்லை. எல்லார் முன்னாலும் மூக்கை உடைத்துவிட்டோமோ… நாமே ஒரு தடவை கூப்பிட்டால் என்ன? கை ஃபோன் வரை போகும். ‘நான் ஏன் கூப்பிடணும்? தப்பு அவரோடது’ என்று திரும்பி வந்துவிடும். அவளுடைய ரோஷமும் அவனுடைய ரோஷத்துக்குக் குறைந்ததில்லை. பிளானோ பையனின் வீடியோவுக்கு மட்டும், தலைவலி என்று இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் பொய் சொன்னாள். உண்மையில் வலித்தது தலை இல்லை.

மாதம் முடிய இரண்டு நாள். இரவு எட்டு மணி, வெளியே மழை. வகுப்பு முடிந்து எல்லோரும் கோட்டு மாட்டிக்கொண்டிருந்தபோது கதவு திறந்தது. தலை முதல் கால் வரை நனைந்து நின்றான் நிரோஜன். இந்த முறை குடையை மறந்தவன் அவன்.

சட்டைக்குள்ளிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்தான். உறைக்குள் இருந்த கடிதம் நனையவில்லை. அதை லின் ஆன்ட்டியிடம் இரண்டு கையாலும் கொடுத்தான். லின் ஆன்ட்டி விரலை ஒவ்வொரு சொல்லின் அடியிலும் வைத்து மெதுவாகப் படித்தார். இருபத்தேழாவது கேள்வி நீக்கப்பட்டது. எல்லா விடைத்தாள்களும் மறுபடி மதிப்பிடப்பட்டன. புதிதாகத் தேறியவர்கள் அறுபத்தொரு பேர். அவர்களில் ஒருவர் லின்.

அவர் அழவில்லை. கடிதத்தை மடித்துக் கைப்பையில் வைத்தார், ஜிப்பை இழுத்தார், நன்றாக மூடியிருக்கிறதா என்று ஒரு தரம் பார்த்தார். பிறகு வான்மதியைக் கட்டிக்கொண்டார். போகும்போது மற்ற பதினொரு பேரையும் பிடித்து வெளியே தள்ளிக்கொண்டு போனார். அவர்கள் இருவர் முகத்திலும் எழுதியிருந்த பத்தியை அவர் சரியாகப் படித்துப் புரிந்துகொண்டுவிட்டார்.

“நாலாயிரம் தாளையும் திருப்பிப் பாத்தனான்” என்றான் நிரோஜன். “பெரிய ஆக்களான பிறகு இங்க வந்தவை, மற்றதெல்லாம் சரியாச் செய்தவைகூட, அந்தக் கேள்வியில மட்டும் விழுந்திருக்கினம். பிழை என்ர எண்டு எழுதிக் குடுத்தன். ஒரு வருசத்துக்கு நான் கேள்வி எழுத ஏலாதாம்.”

“ஒரு ஃபோன் பண்ணிச் சொல்லியிருக்கலாமில்லீங்க? கோவிச்சுட்டுப் போயிட்டீங்கன்னு நான்…”

“கோவமில்லை, வெக்கம்.” அவன் ஈரத் தலையைக் கோதினான். “வந்த வருசம் நானும் இப்பிடித்தான் ஒரு டெஸ்டில விழுந்தனான். பேஸ்போல் விளையாட்டைப் பற்றின கேள்வி. பௌதிகம் தெரியும், பேஸ்போல் தெரியாது. ஒரு கிழமை, ஏழு நாளும் சாப்பிடேல்லை. அதை மறக்க வேணும் எண்டே மறந்தனான். மறந்திட்டு, இன்னொருத்தருக்கு அதையே எழுதி வச்சிருக்கிறன்.”

வான்மதி தன் துப்பட்டாவை எடுத்து நீட்டினாள். அவன் அதை வாங்கிக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றான், துடைத்துக்கொள்ளத் தோன்றவில்லை.

“பிளானோக்காரர் எப்பிடி இருக்கிறார்?”

“அதையும் கேட்டீங்களா ரயில்ல?”

“அதைத்தான் வடிவாக் கேட்டனான்.” முதல் தடவையாக அவன் கண்களில் சிரிப்பு இல்லை, பயம் இருந்தது. “எனக்கு உங்களை விருப்பம், வான்மதி. அண்டைக்குக் குடை பிடிச்ச நேரத்திலயிருந்து. இதில மட்டும் நான் பிழை விடேல்லை.”

ஃபோனை எடுத்தாள். கோபியில் காலை ஒன்பதரை, சாந்தாமணி தோசைக்கல்லில் நிற்கும் நேரம். ஸ்பீக்கரைப் போட்டாள்.

“அம்மா, அந்தப் பிளானோ பையனுக்கு வேற பொண்ணப் பாக்கச் சொல்லிரு.”

“ஏங்கண்ணு? என்னாச்சு?”

“நான் ஒருத்தரக் கட்டிக்கலாம்னு இருக்கேன். சிலோன்காரரு. யாழ்ப்பாணம்.” சொல்லும்போது அவள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். “எனக்கு அவர ரொம்பப் புடிச்சிருக்கும்மா.”

தோசைக்கல் சுர்ரென்றது.

“ஒறம்பரை, சொந்தபந்தமெல்லாம் என்ன சொல்லுவாங்க, யோசிச்சியா?”

“என்ன வேணாலும் சொல்லட்டும். பதிலு நான் சொல்லிக்கறேன். நீ பயப்படாத.”

“நீ சொன்னா ஆச்சா… அந்தப் பையனுக்குச் சம்மதமா? ஆளு யாரு, எவருன்னு எனக்கு ஒண்ணும் தெரியலயே சாமி.”

“உனக்குத் தெரிஞ்ச ஆளுதான்” என்று ஃபோனை அவன் முன்னால் நீட்டினாள் வான்மதி.

நிரோஜன் அவளைப் பார்த்தான். துப்பட்டாவால் முகத்தை அவசரமாகத் துடைத்துக்கொண்டான். தொண்டையைச் செருமினான்.

“வணக்கம் அம்மா… நான்தான் அந்த முட்டாள் கதைக்கிறன்.”